அழிக்காமல் விட்ட சிலேட்டு

புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபோர்மனாக இருந்த காலத்தில் எனக்கு ‘மோப்பம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் வருவது தெரிந்ததும் லேத்து மிஷினுக்குப் பின்னால் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். எந்த வண்டியில் வெல்டிங் வைப்பதானாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து நானே குனிந்து மோந்து பார்ப்பேன். டேங்க் காலி என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தாலும் சரி, என் மூக்குக்குப் பிறகுதான் நெருப்பு. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து, சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வந்தவர்கள், “அந்த மோப்பக் கதையை எழுதுங்க சார்” என்றார்கள். அவர்களுக்கு அது வேடிக்கைக் கதை. எழுதித் தருகிறேன். படித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

தொழில் கற்ற விதம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கறம்பக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. இவனுக்கு ஏர் பிடிக்க வராது என்று வீட்டில் முடிவு கட்டி, புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நாலு வருஷம் கிரீஸும் அடியுமாகப் போனது. அதன் பிறகு, யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டாவது பிட்டராகச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கையில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

கொட்டகை என்றதும் கீற்றுக் கொட்டகையை நினைத்துவிட வேண்டாம். சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்கில் உத்தரம், மேலே ஓடு, வழவழவென்று தரை. எங்கள் ஊர்க் கோயிலில்கூட அப்படி ஒரு தரையை நான் பார்த்ததில்லை. உள்ளே வரிசையாக ஏழு கார்கள். முதல் நாள் கதவைத் தள்ளித் திறந்ததும் எல்லா வண்டிகளின் விளக்குகளிலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் பட்டது. ஏழு ஜோடிக் கண்கள் என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை, தானாகக் கை போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லோருமே கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள் என்று.

கம்பெனிப் பெயர் சொல்லி அந்த வண்டிகளை யாரும் கூப்பிடுவதில்லை. ஆளாளுக்கு வைத்த பெயர்தான். எல்லாவற்றிலும் மூத்தது ‘பித்தளை மூக்கு’. செட்டியாரின் தகப்பனார் காலத்தில் கப்பலில் வந்தது. ரேடியேட்டர், விளக்கு எல்லாம் பித்தளை, சக்கரத்துக்கு மர ஆரக்கால்கள், பக்கவாட்டில் ரப்பர்க் குமிழை அமுக்கினால் ஊதும் நீளமான ஹாரன். கைப்பிடியை மூன்றாம் சுற்றுச் சுற்றினால் தப்பாமல் கிளம்பிவிடும். இந்தக் காலத்துப் புது பஸ் காலையில் படுத்தும் பாட்டை நினைத்தால் அந்தக் கிழட்டு வண்டிக்கு விழுந்து கும்பிடலாம். அதற்கு அடுத்து நின்றது ‘ரங்கூன் வண்டி’. நீளமென்றால் அப்படி ஒரு நீளம். பின்னால் பெரிய பெட்ரோல் டேங்க். மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் வெளியே வரும் திறந்த வண்டிக்குக் ‘கல்யாணி’ என்று பெயர். மற்றவற்றை விட்டுவிடுகிறேன். பெயர் சொல்லிக்கொண்டே போனால் மலரில் என் கட்டுரை மட்டும்தான் இருக்கும்.

தலைமைப் பிட்டர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர், ஆனால் நாற்பது வருஷம் மூத்தவர் மாதிரி நிதானம். ஒரே ஒரு முறை தவிர அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கார் கழுவுகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். வேலை முடிந்ததும் வெள்ளைத் துணியை விரித்து ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கி எண்ணுவார். ஒன்று குறைந்தால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் திட்டமாட்டார். வாசலில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அது திட்டைவிட மோசம்.

அந்தப் பொடிப் பழக்கத்தால் அவருக்கு வாசனை என்பதே தெரியாமல் போய்விட்டது. பக்கத்தில் கருவாடு சுட்டாலும் தெரியாது. மோட்டார் வேலையில் அது பெரிய குறை. பெட்ரோல் கசிவதை முதலில் சொல்வது மூக்குதானே. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சிலேட்டு. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றை ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் தொங்கவிட்டிருப்பார். தண்ணீர் இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, எல்லாம் அதில் எழுதியிருக்கும். செய்தவர் யாரோ அவர்தான் எழுத வேண்டும். ஒருவர் செய்து இன்னொருவர் எழுதக் கூடாது. “என் மூக்கை நம்பாதீங்க கருப்பையா, அது செத்துப்போச்சு. நான் சிலேட்டை நம்பித்தான் நெருப்பைப் பத்த வைக்கிறேன்” என்று நான் சேர்ந்த அன்றே சொன்னார்.

யுத்தம் பர்மா வரைக்கும் வந்தது. செட்டியாரின் கடைகள் அங்கே என்ன ஆயின என்றே தெரியவில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. டயர் கண்ணில் காண்பது அபூர்வமாயிற்று. ஒரு வண்டியை மட்டும் ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் படுக்கப் போடச் சொன்னார் செட்டியார். ஒரு காரைப் படுக்கப் போடுவது லேசான காரியமில்லை. தண்ணீரை வடித்து, பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, தோல் சீட்டுக்கு விளக்கெண்ணெய் தடவி, எலிக்கு வேப்பிலை போட்டு, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி அச்சுக்கு அடியில் தேக்குக் கட்டைகளைக் கொடுக்க வேண்டும். நாலு சக்கரத்தையும் கழற்றிச் சாக்கில் சுற்றி, வீட்டுக்குள் கல் அறையில் வைத்துப் பூட்டினோம். டயர் தங்க விலை விற்ற காலம் அது. ஆறு வண்டிக்கும் பதினெட்டு நாள் ஆயிற்று. ரங்கூன் வண்டிக்குப் பெட்ரோல் வடித்தவன் நான். ‘தண்ணீர் இல்லை. பெட்ரோல் இல்லை. பேட்டரி இல்லை’ என்று அதன் சிலேட்டில் எழுதியவனும் நான்தான். அன்றைக்கு அது சத்தியம்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள், சவரிமுத்து ஆவூருக்குப் போயிருந்தபோது, செட்டியார் கொட்டகைக்கு வந்தார். நல்ல மனுஷர். பெரிய குரல், ஆனால் அன்று தாழ்த்திப் பேசினார்.

“கருப்பையா, மக பிரசவத்துக்கு வந்திருக்கா. மொதப் பிரசவம் செத்துப் பொழச்சா, ஒனக்கே தெரியும். வலி கண்டா திருச்சிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். கூப்பன் பெட்ரோலு புதுக்கோட்டையத் தாண்டாது. எட்டு கேலன் வாங்கி வெச்சிருக்கேன். எங்கேன்னு கேக்காத.”

“எங்க வைக்கிறதுங்க?”

“டின்னுல இருந்தா சோதனைக்கு வாரவன் பாத்துருவான். கட்டையில நிக்கிற வண்டி டேங்க்கை எவன் பாக்கப்போறான்? ரங்கூன் வண்டியில ஊத்திரு. சவரிமுத்துக்குத் தெரிய வேண்டாம். அவரு ஒத்துக்கமாட்டாரு.”

எனக்கும் பெண் குழந்தை இருந்தது. பாவம், தகப்பன் மனசு என்று நினைத்தேன். முதலாளி என்னை நம்பிக் கேட்கிறாரே என்ற பெருமையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஊற்றினேன். சிலேட்டை அழிக்கவில்லை. அழித்து எழுதினால் சவரிமுத்துவுக்குத் தெரிந்துவிடும். பிரசவம் முடிந்ததும் வடித்துவிடலாம், எழுத்தும் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கார்த்திகையில் அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே சுகமாகக் குழந்தை பிறந்தது. பெட்ரோல் அப்படியே கிடந்தது. வடிக்கட்டுமா என்று இரண்டு முறை செட்டியாரிடம் கேட்டேன். இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்றார். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் ரங்கூன் வண்டிக்குப் பின்பக்கம் லேசாக வாசனை அடித்தது. காய்ந்துபோன டேங்க்கில் ஊற்றியதால் அடியில் வடிகுழாயை அடைக்கும் தக்கை சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. சவரிமுத்து இல்லாத நேரமாகப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். செட்டியார் ஓட்டத்துக்கு வைத்திருந்த வண்டியை எடுத்துக்கொண்டு அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பித்தளை மூக்கின் ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. ஈயம் வைத்து அடைக்க வேண்டும். அந்த மாதிரி வேலையை எப்போதும் வெளியே வைத்துத்தான் செய்வோம். ஆனால் வண்டி கட்டையில் நிற்கிறது, உருட்ட முடியாது. ரேடியேட்டரை மட்டும் கழற்றலாமென்றால் முப்பது வருஷத்து போல்ட்டு முறிந்துவிடும். அதனால் நின்ற இடத்திலேயே செய்வதென்று சவரிமுத்து தீர்மானித்துவிட்டார். அது எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்து வண்டிகளின் சிலேட்டையும் படித்துப் பார்த்திருக்கிறார். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொட்டகையிலிருந்து பிளோ லாம்பு சீறும் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் நீலத் தீயைக் கக்கும் விளக்கு அது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். முப்பது அடி இருக்கும். அவர் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தரையில் நீலமாக ஒன்று ஓடியது. மெல்லிய பாவாடை விரிந்தது மாதிரி, சத்தமே இல்லாமல். அடுத்த நிமிஷம் ரங்கூன் வண்டியின் பின்பக்கம் முழுவதும் தீ.

சவரிமுத்து ஓடி வரவில்லை. நடந்து வந்தார். சட்டையின் வலது கை எரிந்துகொண்டிருந்தது. அதை இடது கையால் அணைத்துக்கொண்டே, எதிர்க் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

“கல்யாணி வாசலோரம் நிக்குது. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா கட்டையோட தூக்கிரலாம். டேங்க் எல்லாம் காலி, பயப்படாதீங்க. இங்கிட்டு ஆறு பேரு, அங்கிட்டு ஆறு பேரு வாங்க.”

டேங்க் எல்லாம் காலி என்று அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் அந்த ஒரு சொல்லை நம்பி வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எரிந்த கை அது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. காதோடு சொன்னேன்.

“அண்ணே, உள்ள போகாதீங்க. ரங்கூன் வண்டியில எட்டு கேலன் இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. கண் இமைக்கும் நேரமாகத்தான் இருக்க வேண்டும். பிறகு திரும்பி இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். “யாரும் வேண்டாம். பின்னால போங்க. போங்கன்னு சொல்றேன்.” அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே களத்து ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் டேங்க் வெடித்தது. கூரை ஓடுகள் கூட்டமாக எழும்பி, வானத்தில் கொஞ்சம் நின்று, பிறகு கொட்டின. அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடம் ஓட்டுச் சில்லாக இருந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் அதற்குக் காணாது. ஊரே வந்து தள்ளி நின்று பார்த்தது. நான் எத்தனையோ தீயைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டயர் இல்லாததால் கரும்புகை இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தேக்கு உத்தரம் எரிகிற வாசனை கோயிலில் வருகிற மாதிரி வந்தது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிவைத்தாற்போல உடைந்தன. கல்யாணியின் வெள்ளைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. திடீரென்று பித்தளை மூக்கின் ஹாரன் ஊதியது. ரப்பர்க் குமிழுக்குள் காற்று சூடேறி விரிந்து தானாக ஊதியது, அவ்வளவுதான். ஆனால் ஆளில்லாத நெருப்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம் நீளமாக வந்தபோது கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் கும்பிட்டேன். பயத்திலா, மரியாதையிலா என்று கேட்டால் தெரியாது.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் சவரிமுத்துவின் கைக்கு வாழைக்குருத்து வைத்துக் கட்டினேன். அப்போதுதான் கேட்டார்.

“எப்ப ஊத்துனீங்க?”

“ஐப்பசியிலண்ணே.”

“சிலேட்டு?”

“அழிக்கல.”

இடது கை விரல்களை மடக்கி எண்ணினார். “அஞ்சு மாசம். அஞ்சு மாசமா அதுக்குப் பக்கத்துல நின்னு லாந்தர் ஏத்தியிருக்கேன்” என்றார்.

செட்டியார் இருட்டும் முன் வந்து சேர்ந்தார். தகப்பனார் வாங்கிய வண்டி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார். “நடந்தது நடந்துபோச்சு. பெட்ரோல் பேச்சை எடுத்தா நானும் உள்ள, நீயும் உள்ள. புள்ளகுட்டிக்காரன், யோசிச்சுக்க” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பிட்டர்தான் கொட்டகைக்குள் விளக்கைக் கொளுத்தினார், நாங்கள் தூக்கப் போனபோது தடுத்ததும் அவர்தான், விட்டிருந்தால் ஒரு வண்டியாவது மிஞ்சியிருக்கும் என்று அந்தப் பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். கார் என்றால் எரியும்போது வெடிக்கத்தான் செய்யும் என்பது அவர்கள் எண்ணம். ஆறு வண்டியை எரித்த பிட்டர் என்று பெயர் வந்தால், புதுக்கோட்டை திருச்சி மதுரை எங்கேயும் அந்த மனுஷருக்கு ஒரு ஸ்பேனர் கிடைக்காது. மறுநாள் காலையில் அவரிடம் போய், “விசாரணைக்கு ஆபீசர் வாராருண்ணே, என்ன சொல்லப்போறீங்க?” என்று கேட்டேன்.

“நான் செஞ்சதைச் சொல்வேன். வெளக்கு நான் பத்த வெச்சேன்.”

“பெட்ரோலு?”

“அதை நான் செய்யல. நான் எப்படிச் சொல்றது?”

என் மேல் சுமத்தவும் இல்லை, என்னைக் காப்பாற்றவும் இல்லை. அந்த இடத்தில் என்னை அப்படியே நிற்கவைத்துவிட்டுப் பொடி மட்டையைத் தேடினார்.

திருமயத்திலிருந்து அதிகாரி குதிரை வண்டியில் வந்தார். அவருக்கும் பெட்ரோல் கிடையாது. முதலில் கல் அறையைத் திறந்து காட்டினார்கள். சாக்கில் சுற்றிய இருபத்துநாலு சக்கரங்கள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. வெளியே கொட்டகையில், உருகி ஓடிய அலுமினியம் தரையில் வெள்ளைத் தகடாக உறைந்து வெயிலில் மின்னியது. அதிகாரி அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார், மிதிக்கவில்லை. பிறகு மேஜை போட்டு உட்கார்ந்து எல்லோரையும் கேட்டு எழுதினார். கடைசியில் படித்துக் காட்டினார். பிட்டர் சவரிமுத்துவின் அஜாக்கிரதையால் தீ ஏற்பட்டது என்று இருந்தது.

“கைநாட்டு வைக்கிறியா?” என்றார்.

“கையெழுத்தே போடுவேனுங்க” என்று சவரிமுத்து இடது கையில் பேனாவை வாங்கினார். பழக்கமில்லாத கை. பேனா முனை காகிதத்தைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. என் மனைவியும் குழந்தையும் கண் முன் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“ஐயா, ரங்கூன் வண்டி டேங்க்ல பெட்ரோல் இருந்துச்சு. நான்தான் ஊத்தினேன். சிலேட்டுல இல்லைன்னு இருந்ததை அழிக்காம விட்டதும் நான்தான். அவரு அதைப் படிச்சுட்டுத்தான் வெளக்கு பத்த வெச்சாரு. அந்த ஆளுங்களைத் தடுத்ததும் அதுக்காகத்தான்.”

“பெட்ரோல் ஏது உனக்கு?”

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

“என்னோடதுதான். நான் சொல்லித்தான் அவன் ஊத்தினான்” என்றார் செட்டியார். எழுந்து நின்றுகொண்டு சொன்னார். அவ்வளவு பெரிய மனுஷர், களத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முந்தின நாள் அவர் சொன்ன பேச்சு அந்த நிமிஷமே என் மனசிலிருந்து போய்விட்டது.

நாலு நாள் லாக்கப்பில் இருந்தேன். வழக்கு நடந்து அபராதத்தோடு முடிந்தது. ஓட்டத்துக்கு இருந்த ஒரே வண்டிக்கு இரண்டு பிட்டர் தேவையில்லை என்று எனக்கு வேலை போயிற்று. ஒரு பிட்டர்கூட மிஞ்சவில்லை என்பதுதான் உண்மை. சவரிமுத்துவின் வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஆவூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்க விடவில்லை.

“இனிமே உங்களோட ஒரே கொட்டகையில நான் நிக்கமாட்டேன் கருப்பையா. கோவமில்ல, பயம். ஆனா நீங்க வேலை தெரிஞ்ச ஆளு. பஸ் கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. லெட்டர் தாரேன்.”

ஒரு தாளை மடியில் வைத்து இடது கையால் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். கோணிக்கொண்டால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி போட்டார். நான் எழுதித் தாரேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். ஏழெட்டு வரிக்கு ஒரு மத்தியானம் முழுவதும் ஆயிற்று. மடிக்காமல் ஒட்டாமல் என் கையில் கொடுத்தார்.

பஸ் கம்பெனி மேனேஜர் அதைச் சத்தமாகவே படித்தார். ‘கருப்பையா வேலை தெரிந்தவர். முதலாளிக்காகச் சிலேட்டில் ஒரு பொய்யை அழிக்காமல் விட்டார். அதனால் ஆறு கார் போய்விட்டது. என் கையும் போய்விட்டது. நேரத்தில் உண்மையைச் சொன்னார். அதனால் பதின்மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம். பிறகு தனக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தும் இன்னொரு முறை சொன்னார். வேலை கொடுக்கலாம்.’

படித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுல இருக்கிறது நெசமா?”

“நெசம்தானுங்க.”

“வழியிலயே கிழிச்சுப் போட்டுட்டுச் சும்மா வந்து வேலை கேட்டிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது?”

“இடது கையால எழுதினதுங்க” என்றேன்.